அன்பும் அளவுகோலும்: முதியோர் இல்லப் பராமரிப்பை மதிப்பிட்ட வரலாறு

முதியோரைப் பேணும் இல்லம் ஒன்று நல்ல இல்லமா, அன்றா என்பதை எவ்வாறு அறிவது? எளிதாகத் தோன்றும் இவ்வினாவிற்கு விடை காண மேலைநாட்டினர் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக முயன்று வந்துள்ளனர். முதலில் அவர்கள் கணக்கேட்டைப் பார்த்தனர். பின்னர்க் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையேயுள்ள இடத்தை அளந்தனர். அதன்பின் விதிமுறைகளை வகுத்து, படிவங்களை நிரப்பினர். கட்டிலில் கிடப்பவரையே கேட்டறிய வேண்டும் என்னும் எண்ணம் மிகவும் பிந்தியே வேரூன்றிற்று. அவ்வெண்ணம் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு மீண்டும் மீண்டும் மறக்கப்பட்டது என்பதை இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய இரு நாடுகளின் வரலாற்றினின்று எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருப்பணியாளர்க்கு இவ்வாராய்ச்சி எதற்கு எனச் சிலர் வினவலாம். போதகருள் பலர் இத்தகைய இல்லங்களின் நிர்வாகக் குழுவில் அமர்ந்திருப்பவர். வேறு பலர் திங்கள்தோறும் அங்குச் சென்று ஜெபித்துத் திரும்புபவர். இவ்விரு சாராருமே அங்கு வாழும் முதியோரின் நிலைக்கு ஓரளவு பொறுப்பாளிகள். மேலும், பராமரிப்பைப் பற்றிய முறையீடு திருச்சபைக்குப் புதியதன்று. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில், கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் புறக்கணிக்கப்பட்டனர் என்னும் முறுமுறுப்பு எழுகின்றது. அன்பினால் தொடங்கப்பெற்ற தொண்டிலேயே குறை நேர்ந்தது. அக்குறையும் அதனால் பாதிக்கப்பட்டோரின் பக்கத்திலிருந்தே வெளிப்பட்டது. அப்போஸ்தலர் அதனை நன்றிகெட்ட பேச்சு என ஒதுக்கவில்லை. உணவுப் பங்கீட்டைக் கண்காணிக்க எழுவரை ஏற்படுத்தினர். அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களாயிருத்தல் உரையாசிரியர் பலரும் சுட்டிக்காட்டிய செய்தியாகும். இவ்வொரு நிகழ்ச்சியை மனத்தில் இருத்திக்கொண்டு வரலாற்றினுள் நுழைவோம்.

1. செலவே அளவுகோலாய் இருந்த காலம்

இங்கிலாந்தில் 1601-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம், வறியோரைப் பேணும் கடமையைப் பங்குகளின்மீது சுமத்தியது. அம்முறை 1834-ஆம் ஆண்டில் மாற்றப்பட்டது. புதிய சட்டத்தின்படி உதவி நாடுவோர் 'ஒர்க்ஹவுஸ்' எனப்பட்ட உழைப்பு விடுதிக்குள் வரவேண்டும் என்பது பொது விதியாயிற்று. வெளியே கூலி வேலை செய்யும் மிக வறிய தொழிலாளியின் நிலையைக் காட்டிலும் விடுதியில் இருப்பவரின் நிலை தாழ்ந்ததாகவே இருத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. உழைக்கும் வலிமை உடையோர் சோம்பலால் அரசினரிடம் கையேந்துவதைத் தடுப்பதற்கென இக்கொள்கை வகுக்கப்பட்டது. ஆயின் நாளடைவில் அவ்விடுதிகளை நிரப்பியவர் வலிமையுடையோர் அல்லர். முதியோரும் நோயாளரும் ஆதரவற்ற சிறாருமே. சோம்பேறியை அச்சுறுத்துவதற்கெனக் கட்டிய சுவர்களுக்குள் எண்பது வயதுக் கிழவி கிடக்க நேர்ந்தது. கணவன் ஒரு பகுதியிலும் மனைவி வேறொரு பகுதியிலுமாகப் பிரித்து வைக்கப்பட்டனர்.

இவ்விடுதிகளை நடத்திய காப்பாளர் குழுவினரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தனர். வரி குறைவதே அவர்களுடைய விருப்பம். ஆதலின் குறைந்த செலவில் நடக்கும் விடுதியே நல்ல விடுதி எனப்பட்டது. இம்மதிப்பீட்டின் விளைவு 1845-ஆம் ஆண்டில் ஆண்டோவர் என்னும் ஊரில் வெளிப்பட்டது. எருவிற்காக எலும்புகளை நொறுக்கும் வேலை அங்குள்ளோருக்கு அளிக்கப்பட்டிருந்தது. பசி தாளாத மக்கள், அழுகிய அவ்வெலும்புகளில் ஒட்டியிருந்த தசையையும் உள்ளிருந்த மச்சையையும் தின்றனர் என்னும் செய்தி நாட்டையே அதிரவைத்தது. 1846-ஆம் ஆண்டில் பாராளுமன்றக் குழு விசாரித்தது. மறு ஆண்டில் ஏழையர் சட்ட ஆணையமே கலைக்கப்பட்டு, அதனிடத்தில் புதிய வாரியம் அமைந்தது.

ஆண்டோவர் விடுதிக்கு உணவுப் பட்டியல் இல்லாமல் இல்லை. ஒருவர்க்கு இவ்வளவு அப்பம், இவ்வளவு கஞ்சி என விதிக்கப்பட்டேயிருந்தது. விதித்த அளவு தட்டிற்கு வந்து சேரவில்லை. ஏட்டில் இருப்பது வேறு, தட்டில் இருப்பது வேறு என்னும் இவ்வுண்மையைப் பின்வரும் ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

2. வெளியாரின் கண்

1853-ஆம் ஆண்டில் லூயிசா டுவைனிங் என்னும் பெண்மணி, தமக்குப் பழக்கமான முதிய செவிலி ஒருவரைக் காண இலண்டனின் ஸ்ட்ராண்டு உழைப்பு விடுதிக்குச் சென்றார். தேயிலை வணிகத்தில் புகழ்பெற்ற குடும்பத்தில் பிறந்தவர் அவர். அங்குக் கண்ட நிலை அவரை உலுக்கியது. பெண்கள் முறையாக விடுதிகளுக்குச் சென்று முதியோரையும் நோயாளரையும் கண்டு பேச அனுமதி வேண்டும் என்று அவர் விண்ணப்பித்தபோது, தொடக்கத்தில் மறுப்பே கிடைத்தது. எனினும் அவர் தளரவில்லை. 1858-ஆம் ஆண்டில் உழைப்பு விடுதி சந்திப்புச் சங்கம் உருவாயிற்று.

இச்சங்கத்தினர் அதிகாரம் எதுவும் பெற்றவர் அல்லர். அபராதம் விதிக்கவோ மேற்பார்வையாளரை விலக்கவோ அவர்களால் இயலாது. அவர்கள் செய்தவை இரண்டே: படுக்கையின் அருகில் அமர்ந்து பேசினர், கண்டதை அச்சிட்டு வெளியிட்டனர். மூடிய கதவிற்குள் நடப்பதை ஊதியமோ இலாபமோ பெறாத ஒருவர் ஒழுங்காக வந்து பார்ப்பதே ஒரு பாதுகாப்பு என்பதை அவர்களுடைய பணி மெய்ப்பித்தது. பராமரிப்பை மதிப்பிடும் வரலாற்றில் முதல் கருவி சந்திப்பு ஊழியமே எனின் மிகையாகாது.

அடுத்து வந்தது மருத்துவரின் ஆய்வு. 1864-ஆம் ஆண்டின் இறுதியில் திமொத்தி டேலி என்னும் தொழிலாளி, ஹோல்பர்ன் உழைப்பு விடுதியில் கவனிப்பாரற்றுப் படுக்கைப் புண்ணுடன் கிடந்து, பின்னர் இறந்தார். அவருடைய இறப்பு பத்திரிகைகளில் பெரும் கிளர்ச்சியை உண்டாக்கியது. 'லான்செட்' என்னும் மருத்துவ இதழ் எர்னஸ்ட் ஹார்ட், பிரான்சிஸ் ஆன்ஸ்டி, வில்லியம் கார் ஆகிய மூவரைக் கொண்டு 1865, 1866-ஆம் ஆண்டுகளில் இலண்டன் விடுதிகளின் நோயாளர் பகுதிகளை ஆராய்ந்தது. ஒவ்வொரு கட்டிலுக்கும் எத்தனை கன அடி காற்றோட்டம் உண்டு, நோயாளரைக் கவனிப்பவர் யார், அவர் பயிற்சி பெற்றவரா என்பன போன்ற வினாக்களை அம்மூவரும் எழுப்பினர். கவனித்தவர் பெரும்பாலும் அவ்விடுதியிலேயே அடைக்கலம் புகுந்த ஏழைப் பெண்கள் என்பதும், எழுத்தறியாத பலர் மருந்துப் புட்டியின் குறிப்பைப் படிக்கவும் இயலாதவர் என்பதும் வெளிப்பட்டன. 1867-ஆம் ஆண்டின் இலண்டன் மாநகர ஏழையர் சட்டம், இவ்வாய்வும் இதனை ஒட்டி எழுந்த மக்கள் கருத்தும் ஈன்ற பயனாகும்.

இதே காலத்தில் லிவர்பூல் நகரில் வேறொரு முயற்சி நடைபெற்றது. வில்லியம் ராத்போன் என்னும் வணிகரின் பொருளுதவியால், 1865-ஆம் ஆண்டில் ஆக்னெஸ் ஜோன்ஸ் என்பவர் நைட்டிங்கேல் பள்ளியில் பயின்ற பன்னிரு செவிலியருடன் பிரவுன்லோ ஹில் விடுதியின் நோயாளர் பகுதியை ஏற்றார். இவர் ஜெர்மனியில் பிளீட்னர் 1836-ஆம் ஆண்டில் நிறுவிய கைசர்ஸ்வெர்த் திருத்தொண்டியர் இல்லத்திலும் பயிற்சி பெற்றவர். 1868-ஆம் ஆண்டில், அங்குப் பரவிய டைபஸ் காய்ச்சலுக்கு அவர் பலியானார். பயிற்சியற்ற இரக்கம் போதாது, இரக்கமற்ற பயிற்சியும் போதாது என்பதற்கு அவருடைய குறுகிய ஊழியம் சான்றாக நிற்கின்றது.

3. பெயர் மாறியது, சுவர் மாறவில்லை

1948-ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டம் ஏழையர் சட்டத்திற்கு முற்றுப்புள்ளி வைத்தது. முதியோர்க்கு இல்லங்கள் அமைப்பது உள்ளாட்சி மன்றங்களின் கடமையாயிற்று. விடுதியில் அடைபட்ட ஏழை என்னும் நிலை மாறி, இல்லத்தில் வாழும் குடிமகன் என்னும் மதிப்பு வரும் என்று நாடு நம்பியது. அந்நம்பிக்கை நிறைவேறியதா என்று சோதித்தவர் பீட்டர் டவுன்சென்ட் என்னும் சமூகவியல் அறிஞர்.

டவுன்சென்டும் அவருடைய துணைவரும் இங்கிலாந்திலும் வேல்சிலுமாக 173 இல்லங்களுக்குச் சென்றனர். மேற்பார்வையாளரோடும் பணியாளரோடும் பேசியதோடு நில்லாமல், அங்கு வாழ்ந்த முதியோருடனும் பேசினர். டவுன்சென்ட் ஓர் இல்லத்தில் சில நாட்கள் பணியாளராகவும் வேலை செய்தார். 1962-ஆம் ஆண்டில் 'இறுதிப் புகலிடம்' எனப் பொருள்படும் தலைப்பில் அவருடைய நூல் வெளிவந்தது. பழைய உழைப்பு விடுதிக் கட்டடங்களே பெயர்ப்பலகை மாற்றப்பட்டு முதியோர் இல்லங்களாய் நிலவின என்பதும், பெருங்கூடங்களில் வரிசை வரிசையாய்க் கட்டில்கள் இடப்பட்டிருந்தன என்பதும் அதில் விரிவாகக் கூறப்பட்டன.

எனினும் அந்நூலின் ஆழமான கண்டுபிடிப்பு கட்டடத்தைப் பற்றியதன்று. நல்ல கட்டடங்களிலும் முதியோர் செய்வதற்கு ஒன்றுமின்றிச் சுவரோரம் அமர்ந்திருந்தனர். தமக்கெனப் பூட்டி வைக்க ஒரு பெட்டியும், தனித்திருக்க ஒரு மூலையும் அற்றவராய் இருந்தனர். பழைய நட்பும் உறவும் அறுந்து போயின. பலர் அங்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் தீராத நோயன்று. குடியிருக்க வீடும் பேணுவதற்கு உறவினரும் இல்லாமையே. வீட்டிலேயே உதவி கிடைத்திருப்பின் அவர்கள் வந்திருக்க வேண்டியதில்லை. இவ்வாறு, இவ்வில்லம் நல்லதா என்னும் வினாவிற்கு முன்னதாக, இவர் இங்கு இருக்க வேண்டியவர்தாமா என்னும் வினாவையும் டவுன்சென்ட் எழுப்பினார். மதிப்பீட்டின் எல்லை இதனால் விரிவடைந்தது.

இவ்வரலாற்றில் பார்பரா ராப் என்பவரையும் நினைவுகூர வேண்டும். நெடுங்கால மருத்துவமனைகளில் முதியோர் நடத்தப்பட்ட விதம் பற்றிய சாட்சியங்களைத் தொகுத்து 1967-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். அதிகாரிகள் தொடக்கத்தில் அவற்றை மறுத்தனர். ஆயின் ஈலி மருத்துவமனை பற்றிய விசாரணை அறிக்கை 1969-ஆம் ஆண்டில் வெளியானபின், மருத்துவமனைகளைச் சென்று பார்க்கும் ஆலோசனைக் குழு ஒன்றை அரசு அமைத்தது. முறையீடு வந்தவுடன் மறுப்பதும், மறுக்க இயலாதபோது குழு அமைப்பதும் நிறுவனங்களின் இயல்பு போலும்.

4. ஐந்நூற்று நாற்பத்தொரு வினாக்கள்

அமெரிக்காவில் வரலாறு வேறு வழியே சென்றது. 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர்க்கு உதவித்தொகை அளித்தது. ஆயின் பொதுத் தரும விடுதிகளில் இருப்போர்க்கு அத்தொகை இல்லை என்றது. இழிவுக்கு இடமாயிருந்த அவ்விடுதிகளை ஒழிப்பதே நோக்கம். விளைவோ, தொகையைக் கையில் பெற்ற முதியோர் தனியார் நடத்திய இல்லங்களை நாடும்படி ஆயிற்று. 1965-ஆம் ஆண்டில் மெடிக்கேர், மெடிக்கெய்ட் என்னும் இரு திட்டங்கள் தோன்றியபின் அரசுப் பணம் பெருமளவில் பாய்ந்தது. இலாபம் கருதிய இல்லங்கள் பெருகின. 1974-ஆம் ஆண்டில் பிராங்க் மாஸ் தலைமையிலான செனட் துணைக்குழு, இத்துறையில் பொதுக் கொள்கையே தோற்றுவிட்டது என அறிக்கை வெளியிட்டது.

கண்காணிப்பு அங்கு இல்லாமல் இல்லை. மாநில ஆய்வாளர் ஒவ்வோர் இல்லத்திற்கும் சென்று நீண்ட படிவத்தை நிரப்பினர். ஆயின் அப்படிவம் எதைக் கேட்டது? 1975-ஆம் ஆண்டில் கொலராடோ மாநிலத்து இல்லவாசிகள் சிலர் தொடுத்த வழக்கு இதனை வெளிச்சத்திற்குக் கொணர்ந்தது. ஸ்மித் எதிர் ஹெக்ளர் எனப்படும் அவ்வழக்கில் 1984-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படிவத்தில் இருந்த 541 வினாக்களுள் நோயாளரின் பராமரிப்போடு சிறிதேனும் தொடர்புடையவை, அல்லது நோயாளரைப் பார்க்க வேண்டிய தேவையை உண்டாக்கக்கூடியவை, முப்பதே என்பது தீர்ப்பில் சுட்டப்பட்டது. பராமரிப்பு அளிக்கும் வசதி இல்லத்திற்கு உண்டா என்று ஆய்வாளர் பார்த்தனர். பராமரிப்பு உண்மையில் அளிக்கப்படுகின்றதா என்று பார்க்கவில்லை. அதனை உறுதிசெய்வது அரசின் கடமை என்று நீதிமன்றம் கூறிற்று. நோயாளரின் முகத்தைப் பாராமலே ஓர் ஆய்வை முடித்துவிட முடிந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

இதே காலத்தில் இல்லவாசிகளின் உரிமைக்காகப் பாடுபட்ட மக்கள் கூட்டமைப்பு ஒன்று, பல நகரங்களில் வாழ்ந்த முதியோரைக் கூட்டி, நல்ல பராமரிப்பு என்பது யாது என்று அவர்களையே கேட்டது. 1985-ஆம் ஆண்டில் வெளியான அவர்களுடைய விடைகளில், பணியாளரின் மனப்பாங்கு முதன்மையான இடம் பெற்றது. தம்மை மதித்து அன்பாக நடத்தும் பணியாளர், அத்தகையோர் போதிய எண்ணிக்கையில் இருத்தல், உணவிலும் அன்றாட நடப்பிலும் தமக்கும் தெரிவு இருத்தல் ஆகியவற்றை அவர்கள் வேண்டினர். படிவம் கேட்டவையும் முதியோர் வேண்டியவையும் வெவ்வேறாக இருந்தன.

1986-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் ஆய்வறிக்கையும், அதனையொட்டி 1987-ஆம் ஆண்டில் இல்லச் சீர்திருத்தச் சட்டமும் வந்தன. ஆய்வாளர் முன்னறிவிப்பின்றி வரவேண்டும். வரும் நாளை இல்லத்தார்க்கு முன்கூட்டித் தெரிவிப்பவருக்கு 2,000 டாலர் வரை அபராதம். இல்லவாசிகளுடன் ஆய்வாளர் நேரில் பேச வேண்டும். ஒவ்வொருவரின் உடல், மனநிலைகளும் ஒரே முறையில் மதிப்பிடப்பட்டுப் பதிவு செய்யப்பட வேண்டும். உதவிச் செவிலியர்க்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி தேவை. வசதிக்காகவோ தண்டனையாகவோ ஒருவரைக் கட்டிவைக்கலாகாது.

இறுதியாகக் கூறிய விதியின் பயன் பெரிது. 1980-களின் பிற்பகுதியில், ஐவருள் ஏறத்தாழ இருவர் நாற்காலியிலோ கட்டிலிலோ பட்டையால் கட்டப்பட்டிருந்தனர் என மதிப்பிடப்பட்டது. கீழே விழாமல் காப்பதற்கே கட்டுகின்றோம் என்று இல்லத்தார் மனச்சான்றோடு நம்பினர். இருபது ஆண்டுகளில் கட்டப்பட்டோர் தொகை நூற்றுக்கு ஐந்து என்னும் அளவிற்குக் குறைந்தது. அன்பின் பெயரால் செய்யப்பட்டது எல்லாம் அன்பாய் இருக்கவில்லை. அளந்து பார்த்தபின்னரே அது தெளிவாயிற்று.

5. மூவகை நோக்கு

மதிப்பீட்டுக் கலைக்குக் கோட்பாட்டு அடிப்படை அமைத்தவர் அவெடிஸ் டோனபேடியன். ஆர்மீனியப் பெற்றோர்க்குப் பெய்ரூட்டில் 1919-ஆம் ஆண்டில் பிறந்து, அமெரிக்காவில் பேராசிரியராய்ப் பணியாற்றிய மருத்துவர் அவர். 1966-ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையில், பராமரிப்பின் தரத்தை மூன்று வழிகளில் நோக்கலாம் என அவர் வகுத்தார். அமைப்பு, செயல்முறை, விளைவு என்பவையே அம்மூன்று.

முதியோர் இல்லத்தை எடுத்துக்கொள்வோம். கட்டடம், கட்டில், இரவில் எத்தனை பணியாளர் என்பன அமைப்பு. படுத்த படுக்கையாய் இருப்பவரை உரிய நேரத்தில் புரட்டிப் படுக்க வைக்கின்றனரா, உண்ண இயலாதவர்க்குப் பொறுமையாய் ஊட்டுகின்றனரா, கழிப்பிடம் செல்ல அழைத்தவுடன் வருகின்றனரா என்பன செயல்முறை. படுக்கைப் புண் உண்டா, எடை குறைந்துள்ளதா, முதியவர் அச்சமின்றி இருக்கின்றாரா என்பன விளைவு. இம்மூன்றனுள் ஒன்றைக் கொண்டு மட்டும் தீர்ப்பளித்தல் தவறாகும். கட்டடம் அழகியதாயிருந்தும் பராமரிப்பு இழிந்ததாய் இருக்கலாம். விளைவை மட்டும் நோக்கினால், மிகவும் நலிந்தோரை ஏற்கும் இல்லம் தாழ்ந்ததாகவும், நலமாயிருப்போரை மட்டும் தெரிந்தெடுத்துச் சேர்க்கும் இல்லம் உயர்ந்ததாகவும் தோன்றிவிடும். ஆகவே மூன்றையும் இணைத்தே காண வேண்டும்.

டோனபேடியன் 2000-ஆம் ஆண்டில் மறைந்தார். இறுதிக் காலத்தில் தாமே நோயாளியாகப் படுத்திருந்தபோது அளித்த நேர்காணலில், தரத்தின் இரகசியம் அன்பே என்றும், அன்பு இருப்பின் அதிலிருந்து தொடங்கி ஒழுங்குமுறையைக் கண்காணிக்கவும் சீர்படுத்தவும் இயலும் என்றும் அவர் கருத்துரைத்தார். வாழ்நாள் முழுவதும் அளவுகோல்களை ஆக்கியவரின் முடிவு இது. அன்பு இருக்க அளவுகோல் எதற்கு என்று அவர் கூறவில்லை என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அன்பு உடையவரே அளந்து பார்க்கத் துணிவார் என்பதே அவர் கருத்தின் உட்கிடை.

6. அளவுகோலும் வளையும்

1987-ஆம் ஆண்டின் சட்டத்தோடு சிக்கல் தீர்ந்துவிட்டது என எண்ணற்க. 2008-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க அரசு ஒவ்வோர் இல்லத்திற்கும் ஒன்று முதல் ஐந்து வரை விண்மீன்கள் அளித்துத் தரம் பிரிக்கத் தொடங்கிற்று. ஆய்வாளர் அறிக்கை, பணியாளர் தொகை, தரக் குறியீடுகள் ஆகிய மூன்றும் அதற்கு அடிப்படை. இவற்றுள் பின்னிரண்டும் இல்லத்தாரே எழுதி அனுப்பிய கணக்கினின்று பெறப்பட்டன. ஆய்வை ஒட்டிய இரு வாரங்களின் பணியாளர் தொகை மட்டுமே கேட்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டு முதல் சம்பளப் பட்டியலைக் கொண்டு நாள்தோறும் கணக்கிடத் தொடங்கியபோது, பல இல்லங்களில் சனி, ஞாயிறு நாட்களில் பணியாளர் தொகை மிகவும் குறைந்திருந்தமை தெரியவந்தது.

இன்னொரு செய்தி இதனினும் வருந்தத்தக்கது. கட்டிவைத்தல் குறைந்தபின், மனநோய் மருந்துகளைக் கொடுத்து முதியோரை மயக்கத்தில் ஆழ்த்தும் வழக்கம் பற்றிய கவலை எழுந்தது. அம்மருந்துகளின் பயன்பாடு தரக் குறியீடாக்கப்பட்டது. ஸ்கிசோபிரினியா என்னும் மனச்சிதைவு நோய் உடையோர் அக்கணக்கினின்று விலக்கப்பட்டனர். அந்நோய் முதுமையில் புதிதாய்த் தோன்றுவது அரிது. ஆயினும் பல இல்லங்களில் அந்நோய்ப் பெயரைத் தாங்கியவர் தொகை உயர்ந்தது. 2021-ஆம் ஆண்டில் செய்தித்தாள் ஆய்வு ஒன்று இதனை வெளிக்கொணர்ந்தது. 2023-ஆம் ஆண்டில் இத்தகைய பதிவுகளை அரசு தணிக்கை செய்யத் தொடங்கிற்று. பட்டை கண்ணுக்குத் தெரியும், மாத்திரை தெரியாது. குறியீட்டைச் சரிசெய்வது முதியவரைப் பேணுவதைக் காட்டிலும் எளிதாக இருந்தது.

2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோய் இன்னொரு பாடத்தையும் கற்பித்தது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்க இல்லங்களுக்குள் வெளியார் வருவது தடுக்கப்பட்டது. வழக்கமான ஆய்வுகளும் நிறுத்தப்பட்டன. நோய்த்தொற்றைத் தடுக்க அது தேவையாகக் கருதப்பட்டது. ஆயின் மகளும் மகனும் போதகரும் குறை கேட்பாளரும் வராத மாதங்களில், உடல் மெலிந்ததையோ மனம் சோர்ந்ததையோ கண்டு சொல்ல எவருமில்லை. வருவோரின் கை எத்தனை பேருக்கு ஊட்டியது, அவர்களுடைய கண் எத்தனை குறைகளைத் தடுத்தது என்பது அவர்கள் இல்லாதபோதே விளங்கிற்று. 1858-ஆம் ஆண்டில் டுவைனிங் கண்ட உண்மைக்கு வரலாறு மீண்டும் வந்து சேர்ந்தது.

7. நமக்குரிய பாடங்கள்

நம் நாட்டில் 2007-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, மாவட்டத்திற்கு ஒன்று எனத் தொடங்கி, குறைந்தது 150 வறிய முதியோர் தங்கக்கூடிய இல்லங்களை மாநில அரசுகள் அமைக்கலாம் என்றும், இல்லங்களின் நிர்வாகத்திற்கும் தரத்திற்கும் விதி வகுக்கலாம் என்றும் கூறுகின்றது. அரசு தன் பங்கைச் செய்யட்டும். திருச்சபை நடத்தும் இல்லங்களைப் பற்றி நாமே எண்ணிப் பார்க்க வேண்டியவை உள.

ஊழியத்தை எடைபோடலாமா, தியாகத்தோடு உழைப்போரை ஐயுறலாமா என்னும் தயக்கம் நம்மிடையே உண்டு. இத்தயக்கம் நல்லெண்ணத்தில் பிறந்ததாயினும், அதன் சுமையை ஏற்பவர் முதியவரே. ஆண்டோவர் முதல் இன்று வரை, நாங்கள் நன்றாகவே நடத்துகின்றோம் என்று சொல்லாத இல்லம் எதுவும் இல்லை. பணியாளரின் கையை எதிர்நோக்கி உண்டு, உடுத்தி, கழிப்பிடம் செல்லும் முதியவர், அப்பணியாளரைப் பற்றிக் குறை கூற அஞ்சுவார். ஆதலின் முறையீடு இல்லாமையை மனநிறைவின் சான்றாகக் கொள்ளலாகாது.

இவ்வரலாற்றினின்று நாம் பெறத்தக்கவை நான்கு. முதலாவது, நடத்துபவரும் பணம் கொடுப்பவரும் அல்லாத ஒருவர் பார்க்க வேண்டும். இல்லத்தின் செயலாளர் எழுதும் ஆண்டறிக்கை மதிப்பீடு ஆகாது. இரண்டாவது, அறிவித்து வரும் நாளைக் காட்டிலும் அறிவியாது வரும் நாளே உண்மையைக் காட்டும். நன்கொடையாளர் வரும் நாளில் விரிப்புகள் வெளுத்திருக்கும். இரவு உணவு வேளையிலும் ஞாயிறு பிற்பகலிலும் எவ்வாறு உள்ளது என்று காண வேண்டும். மூன்றாவது, முதியவரிடம் தனித்துப் பேச வேண்டும். பேச இயலாதவர், நினைவு தடுமாறியவர் ஆகியோரின் உடலே பேசும். வறண்ட உதடும், தளர்ந்து தொங்கும் உடையும், வளர்ந்த நகமும், முதுகின் புண்ணும் அவர்களுடைய சாட்சியங்கள். நான்காவது, பணியாளரையும் கேட்க வேண்டும். இரவில் ஒரே பெண் நாற்பது பேரைக் கவனிக்குமாறு விட்டுவிட்டு, அவளிடம் கனிவு இல்லை எனக் குறைகூறுதல் நீதியாகாது. குறைந்த ஊதியமும் ஓய்வின்மையும் பராமரிப்பின் தரத்தில் நேரே வந்து சேரும். நிர்வாகக் குழு அவளுடைய நிலைக்கும் விடை கூறக் கடமைப்பட்டது.

இறையியல் மாணவர்க்கு ஒரு சொல். நாம் முதியோர் இல்லத்திற்குச் செல்லுங்கால் கூடத்தில் பாடி, ஜெபித்து, பழங்களைக் கொடுத்துத் திரும்புவது வழக்கம். கூடத்திற்கு வர இயலாதோர் உள்ளே படுத்திருப்பர். அவர்களுடைய கட்டிலருகே சென்று அமர்வதும், இன்று என்ன உண்டீர்கள், இரவில் அழைத்தால் யார் வருவார் என்று கேட்பதும், கேட்டதை மறவாமல் உரியவரிடம் கொண்டு சேர்ப்பதும், மறுமுறை சென்று மாற்றம் உண்டா எனப் பார்ப்பதும் சந்திப்பு ஊழியத்திற்கு உட்பட்டவையே. அதிகாரமற்ற டுவைனிங்கின் சங்கம் செய்ததும் இதுவே. அவ்வாறு கேட்பதால் மேற்பார்வையாளரின் முகம் சற்றுச் சுளிக்கலாம். எனினும் எருசலேம் திருச்சபையில் முறையிட்ட விதவைகளின் சொல்லுக்குச் செவி கொடுக்கப்பட்டதால் தொண்டு சிறுமையடையவில்லை. அதன்பின் சபை வளர்ந்தது என்றே அந்த அதிகாரம் தொடர்ந்து கூறுகின்றது.